ஒரே பல்லின் இரண்டு பாதி

அண்ணன் மூலிகைப் பற்பசை தயாரித்து விற்பவன். தங்கைக்குப் பல் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவன் பசையில் ஃப்ளோரைடு கிடையாது; இருவரும் சேர்ந்து உட்கார்ந்தாலே, பல்லுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைதான்.

ஒருநாள் அவன் தன் ட்யூபோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான்.

"நீயே சோதிச்சுப் பாரு. அப்புறம் வாயத் திறக்கக் கூடாது."

பிடுங்கிப்போட்ட பல் ஒன்றை அவள் இரண்டாக அறுத்தாள். சொத்தை தொடங்கும்போது தெரியும் வெள்ளைத் திட்டு வரும்வரை இரண்டையும் அமிலத்தில் ஊறவைத்தாள். பிறகு தினமும் ஒரு பாதியை அவன் பசையாலும் மற்றதை ஃப்ளோரைடு பசையாலும் துலக்கி, செயற்கை எச்சிலில் போட்டு வைத்தாள்.

சில வாரங்கள் கழித்து அண்ணனை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள். அவனுடைய பாதி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஆனால் அமிலம் அரித்த குழிகள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன. மற்ற பாதியில் குழிகளுக்குள் குட்டிக்குட்டிப் படிகங்கள் நெருக்கியடித்து முளைத்திருந்தன.

அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"பல்லு தன்னத்தானே கட்டிக்குதா?"

"எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச்சத்த எடுத்துக் கட்டுதுண்ணா. ஃப்ளோரைடு இருந்தா வேகமாவும் உறுதியாவும் கட்டும்."

அவன் நாக்கால் தன் பற்களை மெல்லத் தடவிப் பார்த்தான்.

"இத்தன நாளா என் வாய்க்குள்ளயும் இந்த வேலை நடந்துட்டிருக்கா?"

"நீ தூங்கறப்பகூட."

"என் மூலிகையோட ஃப்ளோரைடையும் சேர்க்கலாமா?"

"தாராளமா சேர்க்கலாம். அளவு நான் சொல்றேன்."

சண்டையில் ஜெயித்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை. "கொஞ்சம் நகருண்ணா, நானும் பார்க்கணும்" என்றாள்.