இடப்பக்கம் போகும் துப்பாக்கி

மாஸ்டர் மெட்னிட்ஸர் துப்பாக்கியை இரண்டாக மடித்து, குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ப்ரிமுஸ் வூட்டே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நூலளவு கோணலாவது தென்பட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வருஷம் தோளில் சுமந்த துப்பாக்கி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை எவனுக்கும் வரக்கூடாது.

"ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். "ஜன்னல் கம்பியோட நிழல் இந்த நுனியிலேருந்து அந்த நுனி வரைக்கும் கோடு போட்ட மாதிரி போகுது. குழல் நேரா இருக்கு."

"இடப்பக்கம் போகுது மாஸ்டர்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீங்க சொல்வீங்க. அது சொல்லணுமே."

பட்டறைக்குப் பின்னால், உருகின பனியும் சேறுமாய்க் கிடந்த தோட்டத்தில், சுண்ணாம்பு பூசிய இரும்புத் தகடு ஒன்று நின்றது. மாஸ்டர் முப்பத்தைந்து அடி நடந்துபோய்த் திரும்பி நின்று நான்கு தோட்டா சுட்டார். நான்கு முறையும் ரவைகள் தகட்டின் நட்டநடுவில் போய் மொய்த்தன. ஒவ்வொரு வெடிக்கும் ப்ரிமுஸின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று.

"அம்பத்தொம்பதுல செஞ்சது இது" என்றார் மாஸ்டர். "அப்போ எனக்குக் கல்யாணமாகி மூணு மாசம். பொண்டாட்டி பக்கத்துல உக்காந்ததைவிட இந்தக் குழல் பக்கத்துலதான் அதிகம் உக்காந்தேன். அவ இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. எங்கியோ ஏதோ வளைஞ்சிருக்கு, இல்லேங்கல. ஆனா இரும்புல இல்ல."

"கொஞ்சம் இடது பக்கம் சாயுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் கையால என் துப்பாக்கிய நானே காட்டிக் குடுக்கணுமா? எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க வூட்டே."

ப்ரிமுஸ் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அறுபத்துநாலு வயது. முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் செய்துகொண்டு வந்தன.

நவம்பரில் நடந்தது இதுதான். ரோஸன்டால் பள்ளத்தாக்கில் ஊர் வேட்டை. மலைச்சரிவிலிருந்து ஆட்கள் தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு நாய்களோடு இறங்கி வருவார்கள். கீழே வயல் ஓரத்தில் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ப்ரிமுஸ் வரிசையில் நின்றார். அவருடைய மனைவி ரோஸ்விதாவின் தம்பி லாம்பெர்ட், தன் பெண் நாய் ஹெக்ஸியோடு மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். ப்ரிமுஸ் சுட்டார். ஹெக்ஸி ஒரே ஒரு தடவை கத்திற்று. லாம்பெர்ட் அதைத் தன் கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். கல்யாணம் ஆகாதவன். ஆறு வருஷமாக அந்த வீட்டில் பேச்சுத் துணை அந்த நாய்தான்.

வேட்டை நாளன்று சாயங்காலம் விடுதியில் விளையாட்டுக் கோர்ட் கூடுவது அந்த ஊர் வழக்கம். ஒருவன் கோட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு நீதிபதியாவான். முயலைத் தப்பவிட்டவன், தோட்டா போடாமல் விசையை இழுத்தவன், குறட்டை விட்டவன் எல்லோரும் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆளுக்கு ஒரு கோப்பை பேரிக்காய்ச் சாராயம் தண்டனையாகக் குடிப்பார்கள். அன்றைக்கு ப்ரிமுஸை யாரும் கூப்பிடவில்லை. நாயைப் புதைத்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் லாம்பெர்ட். அவனை வைத்துக்கொண்டு யார் வேடிக்கை பேசுவது? ப்ரிமுஸும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது 'என் தப்பு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் தானாக எழுந்து நின்றார்.

"முயல் வலது பக்கம் ஓடிச்சு. நான் முயலைத்தான் சுட்டேன். இந்தத் துப்பாக்கி இடப்பக்கம் போகுது. குழல் சரியில்ல" என்றார்.

லாம்பெர்ட் மெதுவாக எழுந்தான். "அப்படியா, வூட்டே அவர்களே? துப்பாக்கி செய்யறவன் எவனாவது எழுதிக் குடுத்தா கொண்டாங்க. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்க வேண்டாம். நானும் மிதிக்க மாட்டேன்."

அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கு வூட்டே அவர்களே என்றான். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ரோஸ்விதா செய்து அனுப்பிய கேக் துணி பிரிக்காமல் திரும்பி வந்தது. நான்காவது வீடுதான் அவன் வீடு. அந்த நான்கு வீட்டுத் தூரத்தைக் கடக்க ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீட்டுக்காகத்தான் ப்ரிமுஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

மெட்னிட்ஸருக்குப் பிறகு க்ளாகன்ஃபுர்ட் நகரத்துக் கடை. டை கட்டிய கடைக்காரர் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. "குறி தப்பினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார். இதுவரைக்கும் ஒருத்தர்கூட 'நான் சரியில்ல'ன்னு இந்தப் படி ஏறினதில்ல. புதுசா வந்திருக்கு, காட்டட்டுமா?" என்றார். அடுத்து ஃபிலாக்கில் ஒருவர். அவர் குழலில் மெட்னிட்ஸர் பெயரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் பாதி போயிற்று.

"எத்தனை பேருகிட்டதான் போவீங்க?" என்றாள் ரோஸ்விதா. சத்தம் போட்டாலாவது தேவலை. அவளும் களைத்துப்போன குரலில்தான் கேட்டாள்.

"இத்தாலியில ஒருத்தர் இருக்காராம். கார்தோனேல."

"இத்தாலியிலயா! உலகத்துல ஒருத்தனாவது பொய் சொல்லுவான்னு தேடறீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. காலுறையைத் தேடினார்.

எல்லையில் துப்பாக்கிக் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். மூன்று ரயில், ஒரு பஸ். பள்ளத்தாக்குக்குள் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் ரம்பமும் அரமும் ஓடும் சத்தம். தெருவுக்குத் தெரு துப்பாக்கிப் பட்டறை. ரொட்டிக் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூக்கம் வராத ஒரு களைப்பு ப்ரிமுஸின் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இந்த ஆளும் இல்லையென்று சொன்னால் திரும்பிப் போகக்கூடத் தெம்பில்லை என்று தோன்றியது.

ஓரெஸ்தே என்ற அந்த மனிதர் எழுபதைத் தாண்டியவர். இன்ஸ்ப்ரூக்கில் பத்து வருஷம் வேலை பார்த்தவராதலால் ஜெர்மன் பேசுவார், அதுவும் மூச்சுவிடாமல். கதையை முழுக்கக் கேட்டார். துப்பாக்கியை எடுத்து ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"இது எதுக்கு, இதுமேல என்ன தப்பு? ஆளைத்தான் பாக்கணும். வாங்க."

சுவரிலிருந்து வேறொரு துப்பாக்கியை எடுத்தார். அதன் கட்டையில் மடக்கும் திருகுமாக இருந்தது. வருகிறவனின் தோளுக்கும் கன்னத்துக்கும் தகுந்தபடி நீட்டிக் குறுக்கி அளவு எடுக்கும் துப்பாக்கி. உள்ளே வெடிக்கிற ஊசியே கிடையாது என்று திறந்து காட்டினார். பிறகு நாலு அடி தள்ளி எதிரில் போய் நின்று, தன் வலது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார்.

"என் கண்ணைக் குறி பாருங்க."

"மனுஷன் மேலயா?"

"அம்பது வருஷமா எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் குறி பாக்கறாங்க. என் மாமியார் ஒருத்திதான் பாக்கி. டக்குனு தூக்குங்க, யோசிக்காதீங்க."

ப்ரிமுஸ் தூக்கினார்.

"இன்னொரு தடவை... இன்னொரு தடவை." ஓரெஸ்தே சிரித்தார். "என் கண்ணைப் பாக்கச் சொன்னா காதுக்குக் குறி வைக்கறீங்களே! வலது தோள்ல வெச்சுட்டு இடது கண்ணால பாக்கறீங்க. குழலுக்கு மேல எனக்குத் தெரிய வேண்டியது உங்க வலது கண்ணு. அது வேலைக்கே வரல. வயசானா சில பேருக்குக் கண்ணு கட்சி மாறிடும் ஐயா. ரெண்டு மூணு வருஷமாவே இடப்பக்கம் தப்பியிருக்குமே?"

தப்பியிருந்தது. ப்ரிமுஸ் தலையாட்டினார்.

"அப்போ உங்க மேலயும் தப்பில்ல, இதைச் செஞ்ச புண்ணியவான் மேலயும் தப்பில்ல. எழுதித் தரேன், கொண்டுபோய்க் காட்டுங்க."

ஜெர்மனிலேயே எழுதினார், கையெழுத்துப் போட்டார், பட்டறை முத்திரையும் குத்தினார். ப்ரிமுஸுக்கு அழுகை வந்துவிட்டது. ஓரெஸ்தே அவசரமாக ஒரு காப்பி போட்டுக் கொடுத்து, ஊரில் பனி எப்படி என்று விசாரித்தார்.

ரயிலில் அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தார். நாலாவது தடவை படிக்கும்போது, வேண்டாம் வேண்டாம் என்று மூன்று மாதமாகத் தள்ளி வைத்திருந்தது எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு அவர் சுட்டபோது எதிரில் முயலே இல்லை. நாலாவது சுற்று அது. கால் விறைத்துப்போயிருந்தது. காலையிலிருந்து ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. பக்கத்தில் நின்றவன் மூன்று முயல் அடித்திருந்தான். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த நேரத்தில் எதிர்ப் புதர் அசைந்தது. ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. சுட்டுவிட்டார். எதிரில் இருப்பது என்ன மிருகம் என்று முழுசாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. அந்த ஊரில் வேட்டைச் சீட்டு வாங்கப் போகிறவனுக்கு முதலில் சொல்லும் விதியே அதுதான். நாற்பது வருஷமாக ப்ரிமுஸ் எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார்! இடது கண்ணோ வலது கண்ணோ, பார்த்திருந்தால்தானே?

சீட்டில் இருந்தது அத்தனையும் உண்மை. அன்றைக்கு நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டில் ரோஸ்விதா சீட்டைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணா? வெறும் கண்ணா? இதை முன்னாடியே ஒரு டாக்டர்கிட்டக் காட்டியிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ப்ரிமுஸ் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து நேராக லாம்பெர்ட் வீட்டுக்குப் போனார். வாசலுக்கு வெளியிலேயே நின்று சீட்டை நீட்டினார். லாம்பெர்ட் நிலைப்படியில் நின்றபடியே படித்தான். இரண்டு தரம் படித்தான். பிறகு கதவை முழுசாகத் திறந்தான்.

"உள்ள வாங்க அத்தான்."

பன்றி இறைச்சியும் கறுப்பு ரொட்டியும் துருவின முள்ளங்கியும் வெட்டி வைத்தான். இரண்டு கோப்பையில் சாராயம் ஊற்றினான். அடுப்படியில் நாய் படுத்திருந்த போர்வை இன்னும் மடிக்காமல் கிடந்தது. "கண்ணு போறதுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்?" என்றான். "நான்தான் வார்த்தைய விட்டுட்டேன். உங்களை இத்தாலி வரைக்கும் அலைய விட்டுட்டேனே. முழங்கால் எப்படி இருக்கு?"

முழங்காலை விசாரித்ததுதான் ப்ரிமுஸுக்குத் தாங்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் சீட்டின் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்திருப்பார். இந்த அன்பு தனக்கு வந்ததில்லை, முயலைப் பார்த்துச் சுட்ட வேறு யாரோ ஒரு ப்ரிமுஸுக்கு வந்தது. அதைத் தான் வாங்கித் தின்றுகொண்டு இன்னும் எத்தனை வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது? அலைந்தது போதும் என்று இருந்தது.

"லாம்பெர்ட், முயல் இல்ல."

"என்னது?"

"முயலே வரல. புதர் அசைஞ்சுது. நான் என்னன்னு பாக்கல. கண்ணு கோளாறு நெசந்தான். ஆனா அன்னிக்கு நான் பாக்கவே இல்லடா. குளிருச்சு, சலிப்பா இருந்துச்சு, சுட்டுட்டேன்."

லாம்பெர்ட் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தான். முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. ப்ரிமுஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"இப்பத்தான் கண்ணு கெட்டவனை மன்னிச்சு உக்கார வெச்சேன்" என்றான் லாம்பெர்ட். "இப்போ இந்த ஆளை என்ன பண்றது?"

"எனக்குத் தெரியலடா."

சீட்டு ரொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. லாம்பெர்ட் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"வர்ற நவம்பர்ல நீங்க வரிசையில நிக்க வேண்டாம். துப்பாக்கி வேண்டாம். மேலேருந்து என்னோட தட்டிக்கிட்டு வாங்க. ஹெக்ஸி வந்த பக்கமா, அந்தப் புதர் வழியா நீங்க வாங்க."

"சரி."

"எதிர்ல இருபது பேரு துப்பாக்கியோட நிப்பான். எவன் பாத்துச் சுடுவான், எவன் பாக்காம சுடுவான்னு தெரியாது. பயமா இருக்கும்."

"சரிடா."

லாம்பெர்ட் திரும்பினான். கன்னம் நனைந்திருந்தது.

"அவளுக்குப் பயமே இல்ல, அத்தான். எதிர்ல நிக்கறது நீங்கன்னு அவளுக்குத் தெரியும்."