என் குரல் செய்த காரியம்

பள்ளியில் எனக்கு வெடி என்று பெயர். சட்டென்று கோபம் வரும், மறைக்கவும் தெரியாது. ஆறாம் வகுப்பில் படிக்கும் வக்கீலம்மாவுக்குப் பாடத்தில் உதவும் ஆசிரியை நான்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு அந்தப் பட்டம். எழுத்துக்கூட்டிப் படிப்பது அவளுக்குப் பெரும்பாடு. அதனால் தேர்வில் கேள்வியையும் நான்கு விடைகளையும் நான் வாசிப்பேன், அவள் ஒன்றைச் சொல்வாள். அறிவியலில் இருபதுக்குப் பதினெட்டு! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆண்டுத் தேர்வில் பத்து எடுத்தால்தான் தோழிகளோடு ஏழாம் வகுப்பு. இல்லையென்றால் தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு எடுப்பவளுக்குப் பத்தெல்லாம் எம்மாத்திரம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு தேர்வன்று எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, கணக்கு சார் வாசித்தார். ஐந்துதான் எடுத்தாள்.

"தூங்கி வழிஞ்சுகிட்டு வாசிச்சா பிள்ளை எப்படி சார் சொல்லுவா?" என்று பாய்ந்தேன்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நான் இருக்கறத வாசிச்சேன். நீங்க எப்படி வாசிக்கிறீங்கன்னு அவளையே கேளுங்க."

கேட்டேன்.

"தப்பானத கடகடன்னு வாசிப்பீங்க. சரியானது வந்தா அழுத்தி வாசிச்சுட்டு என்னையே பாப்பீங்க. அதுதானே டீச்சர் உதவி?"

அடக்கடவுளே, வருஷம் முழுக்க இவள் பாடத்தையா கவனித்தாள்? என்னையல்லவா கவனித்திருக்கிறாள்! அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வெட்கமாக இருந்தது. ஆண்டுத் தேர்வில் வாசிக்க வெளியாள் வருவார். மூன்றே வாரம்தான் இருந்தது.

மறுநாள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கேள்வியை மட்டும் வாசித்தேன். "முதல்ல உன் வாயால சொல்லு. அப்புறம்தான் நாலு விடையும்."

"இது அநியாயம் டீச்சர்!"

"அநியாயம்தான். சொல்லு."

இரண்டு நாள் அழுதாள். திரும்பிப் பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள், செடிக்கு இலை எதற்கு என்று வாசித்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அதுலதான் அது சமைக்குது" என்றாள். எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

தேர்வன்று வாசிக்க வெளியிலிருந்து வந்த அம்மாள் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் வாசித்தார். நான் வராந்தாவில் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு.

தாளை வாங்க வந்தவர் அவளுடைய அப்பா, பஸ் டிரைவர். "என்ன டீச்சர், பதினெட்டு வாங்குனவ இறங்கிட்டாளே?"

"அது டீச்சர் வாங்குனதுப்பா. இது நான் வாங்குனது" என்று வக்கீலம்மா முந்திக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. "ஆமாங்க. அந்தப் பதினெட்டு என்னோடதுதான்" என்றேன்.

அவர் தாளை மறுபடி விரித்து, நிதானமாகப் பார்த்தார். "அப்ப என் பொண்ணு வாங்குன முதல் மார்க்கு இது" என்றார். "வாம்மா, பஸ் எடுக்கணும்."

"பஸ் நிக்கட்டும்ப்பா" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள் வக்கீலம்மா. "தப்பான எட்டையும் வாசிங்க டீச்சர். எங்க கோட்டை விட்டேன்னு எனக்குத் தெரியணும்."