ஒத்தைப் பங்கு அக்கா

அந்தப் பெயிண்ட் கம்பெனியில் அவளுடைய வேலை, இனிமேல் கேட்கப்படப்போகும் கேள்விகளுக்குப் பதில் எழுதி வைப்பது. வருடத்துக்கு ஒரு நாள் பங்குதாரர் கூட்டம். தலைவர் மேடையில் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் நீலக் கோப்பைப் புரட்டிப் பதில் படிப்பார். அந்தக் கோப்பு முழுவதும் அவள் கைவண்ணம். பட்டும் படாமலும், பிடி கொடுக்காமலும், அதே சமயம் மரியாதை குறையாமலும் எழுத அவளை விட்டால் ஆளில்லை என்று மேலாளர் சொல்வார். அந்தப் பாராட்டு அவளுக்குப் பல வருடம் இனித்தது.

முதலில் கசந்தது வீட்டில்தான். "ஞாயித்துக்கிழமை என் நாடகத்துக்கு வருவியாம்மா?" என்று மகள் கேட்டாள். "முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்றேன்டா" என்றாள் இவள்.

"அம்மா, இது வீடு. உங்க கூட்டம் இல்ல. வருவியா, மாட்டியா?"

பதிமூன்று வயதின் வாய்த்துடுக்கு என்று அப்போது சிரித்து வைத்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது கை தானாக நின்றது. யாருக்காவது ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி எத்தனை நாளாயிற்று? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

நீலக் கோப்பில் வருடா வருடம் ஒரு கேள்வி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது. ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுக் குட்டையை எப்போது மூடப் போகிறீர்கள்? கேட்டவர், ஆறே பேர் கொண்ட ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தும் பெண்மணி. பங்கு வைத்திருப்பவர்கள்தான் கூட்டத்தில் வாய் திறக்க முடியும். அதற்காகவே ஒரே ஒரு பங்கு வாங்கி வைத்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ஒத்தைப் பங்கு அக்கா என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இவளும் சிரித்திருக்கிறாள்.

அக்கா கத்தியதில்லை, கொடி பிடித்ததில்லை. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே கேள்வியைத் தபாலில் அனுப்பிவிடுவார். கூடவே ஏதாவது ஒன்று இருக்கும். முதல் வருடம், ஆலைக்குப் பின்புறத் தெருக்களில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த அறிக்கை. அடுத்த வருடம், இதே மாதிரி வேறொரு ஆலை தன் கழிவை எப்படிச் சுத்தம் செய்கிறது என்ற விவரம். மூன்றாம் வருடம், கம்பெனியிடம் அதிகம் பெயிண்ட் வாங்கும் கட்டட நிறுவனமே அதே கேள்வியைக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல். இந்த நான்காம் வருடம், குட்டையை மூடுவதற்கான பதினான்கு பக்கத் திட்டம், வரைபடங்களோடு.

"திட்டி எழுதினா கிழிச்சுப் போடலாம். இந்தம்மா நம்ம வேலையைச் செஞ்சு அனுப்புறாங்களே!" என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதைக் கோப்பில் செருகிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக அவளுக்கு இந்த முறை மனம் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்கு நடந்து போய், பொறியாளரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே பதினான்கு பக்கமும் படித்தார்.

"யாரு போட்டது இது? குழாய் அளவு வரைக்கும் கச்சிதமா இருக்கே."

"செய்ய முடியுமா சார்?"

"பதினெட்டு மாசம் குடுத்தா முடிச்சுடலாம்."

"இத்தனை வருஷமா ஏன் சார் சொல்லல?"

"யாரும்மா கேட்டாங்க?"

அன்று மாலையே பதிலில் 'பதினெட்டு மாதம்' என்று எழுதினாள். மேலாளர் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். "தேதி சொல்றது நம்ம கழுத்துல நாமே கயிறு மாட்டிக்கிற மாதிரி. பழைய பதிலே இருக்கட்டும்."

"முடியும்னு பொறியாளர் சொல்றாரே சார்."

"முடியுங்கறது வேற, அதை மைக்ல சொல்றது வேற. ரெண்டு கையெழுத்துப் போட்டா உங்களை வேற பிரிவுக்கு மாத்திடலாம், தெரியும்ல?"

தெரியும். பழைய பதிலையே கோப்பில் செருகினாள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜை. அவளும் மேலாளரும் அங்கே. கோப்பில் இல்லாத கேள்வி வந்தால் தலைவர் கையைப் பின்னால் நீட்டுவார். அவள் சீட்டில் பதில் எழுதித் திரை இடுக்கு வழியாகக் கொடுக்க வேண்டும். அவள் எழுத்தின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. சீட்டை ஒரு முறை மனதுக்குள் படித்துப் பார்க்கும் பழக்கம்கூடக் கிடையாது. அப்படியே மைக்கில் படித்துவிடுவார்.

அக்கா எழுந்தார். "தலைவர் ஐயா, என் கேள்வி உங்களுக்கு மனப்பாடம். உங்க பதில் எனக்கு மனப்பாடம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிடறேன். 'தங்கள் அக்கறையைப் பெரிதும் மதிக்கிறோம். இதனைத் தீவிரமாகப் பரிசீலித்து வருகிறோம்.'"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்தார். திரைக்குப் பின்னால் அவளுக்கு மட்டும் காது சுட்டது. அவள் பெருமைப்பட்ட வாக்கியங்கள் அவை.

"அதனால இந்த வருஷம் வேற கேள்வி. குட்டையை மூட முடியுமா, எத்தனை நாளாகும்னு உங்க பொறியாளர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

தலைவரின் கை பின்னால் நீண்டது.

"'விவரம் பின்னர் தெரிவிக்கப்படும்'னு எழுதுங்க" என்று மேலாளர் முணுமுணுத்தார்.

பேனா சீட்டின் மேல் நின்றது. இதுவரை வந்த கேள்விகளில் எல்லாம் நழுவ ஒரு சந்து இருந்தது. இதில் இல்லை. கேட்டீர்களா, இல்லையா, அவ்வளவுதான். கம்பெனிக்குள் எங்கேயோ ஓர் ஆளிடம் உண்மை இருக்கும், அது வெளியே வர ஒரு வாசல் வேண்டும் என்று நான்கு வருடம் பொறுமையாக யோசித்து, அந்த வாசலைச் செதுக்கிக் கொண்டுவந்திருக்கிறார் இந்த மனுஷி. முகம் தெரியாத ஒருத்தியை இவ்வளவு நம்ப எப்படி முடிகிறது?

எழுதினாள். மேலாளர் பறிக்கக் கை நீட்டுவதற்குள் சீட்டு திரையைத் தாண்டிவிட்டது.

"கேட்டோம். முடியும் என்றார். பதினெட்டு மாதம்" என்று தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் படித்தது. படித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குரல் அப்படியே நின்றது.

"ரொம்ப நன்றி ஐயா. அந்தப் பதினெட்டு மாசம், எந்தத் தேதியிலிருந்து?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர், "சொல்லுங்க சார், நாங்களும் கேட்டுக்கறோம்!" என்று குரல் கொடுத்தார். அவள் அடுத்த சீட்டை எடுத்தாள். ஆனால் தலைவரின் கை பின்னால் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பது இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து. எழுதிக்கோங்கம்மா."

"நான் எழுதி என்னங்க ஆகப்போகுது? உங்க நடவடிக்கைக் குறிப்புல எழுதணும்."

திரைக்குப் பின்னால் மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

நாக்கில் வழக்கம்போல ஒரு வாக்கியம் உருண்டு திரண்டது. அதை விழுங்கினாள்.

"ஆமா சார்."

அவர் பெருமூச்சு விட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளினார். "அப்ப அந்தத் தேதியை நீங்களே எழுதுங்க. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது."