நான்காம் மாடிக்கு ஓர் இரவல் பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு வசனத்திலிருந்து பிறந்தது. அது நல்ல வசனமில்லை. பதினொரு வருடமாக அதையே எழுதி வந்தேன்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியின் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஆண்டு விழா நடத்துவார்கள். தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். மேடையேறினால் அவருக்குப் பேச்சு வராது என்பதால் நான் எழுதிக் கொடுப்பேன், அவர் பார்த்து வாசிப்பார். எனக்கு ஒரு பை முருங்கைக்காய் கிடைக்கும்.

வசனம் இதுதான்: "யூதர்களைப் பாருங்கள். உலகத்தின் வங்கிகளும் பத்திரிகைகளும் இன்று அவர்கள் கையில். ஒற்றுமையாக இருந்தால் தமிழனும் அப்படி வரலாம்." இந்த இடத்தில் கைதட்டு விழும். பதினொரு வருடமும் விழுந்தது. புலம்பெயர்ந்த தமிழர் விழா எதற்காவது போயிருந்தால் நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள், ஒருவேளை கைதட்டியும் இருப்பீர்கள்.

இந்த வருடம் நகரசபையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னதால் பேச்சு பிரெஞ்சிலும் வேண்டியிருந்தது. அண்ணையின் மகள் நிரோஜினி மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். அந்த வசனம் வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டாள்.

"இந்த வசனம் ஏற்கெனவே பிரெஞ்சில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தேன், நாசிகள் பாரிசைப் பிடித்திருந்த 1941ஆம் ஆண்டு அத்தியாயத்தில்," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"புகழ்ந்துதானே சொல்லுறம். இதிலை என்ன பிழை?" என்றார் அண்ணை தமிழில்.

நான் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேடியதையெல்லாம் கதையின் ஆரம்பமாக வைத்துப் பார்த்தேன்.

ஆரம்பம் ஒன்று: 1269இல் இந்த நாட்டு அரசர், பிற்பாடு புனிதர் பட்டம் பெற்றவர், யூதர்கள் எல்லாரும் நெஞ்சிலும் முதுகிலும் வட்டமாக ஒரு மஞ்சள் துணி தைத்துக்கொள்ள வேண்டுமென்று கட்டளையிட்டு—

(விட்டுவிட்டேன். எழுநூற்றைம்பது வருடத்துக்கு முன் தொடங்கினால் நீங்கள் லாச்சப்பல் வந்து சேர்வதற்குள் கடை பூட்டிவிடும். 1942இல் அந்தத் துணி நட்சத்திரமாகத் திரும்பி வந்தது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஆடைப் பங்கீட்டு அட்டையில் ஒரு புள்ளி கழித்துக்கொண்டுதான் அதையும் கொடுத்தார்கள்.)

ஆரம்பம் இரண்டு: வட்டிக்குக் கொடுப்பது பாவம் என்று தேவாலயம் தன் ஆட்களுக்குச் சொன்னது. ஆனாலும் எல்லாருக்கும் கடன் வேண்டியிருந்தது. நிலமும் பெரும்பாலான தொழில்களும் மறுக்கப்பட்டிருந்த யூதர்களில் சிலர் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். பிறகு, அந்த வேலையைச் செய்கிறார்களே என்று 1306இல் துரத்தினார்கள். 1315இல் திரும்பக் கூப்பிட்டார்கள். கொள்ளைநோய் வந்தபோது கிணற்றில் நஞ்சு போட்டதாகச் சொல்லி எரித்தார்கள். அந்த நோயில் யூதர்களும்தான் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும்—

(இதையும் விட்டேன். ஆனால் என் வசனத்தின் பூர்வீகம் இதுதான். நானே யோசித்து எழுதியதாக நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை வேறுவிதமாகச் சொல்லத் தெரியவில்லை.)

3

ஆரம்பம் மூன்று பாரிசின் புறநகரான சார்செலில், ஒரு லிப்டில். இதை வைத்துக்கொள்கிறேன்.

அண்ணையின் வீடு அங்கேதான், ஆறாம் மாடி. நான்காம் மாடியில் ஒரு மதாம் இருக்கிறார்.* சிறுமியாக வட ஆபிரிக்காவின் தூனிசிலிருந்து வந்தவர், யூதப் பெண்மணி, கணவர் இறந்துவிட்டார். சனிக்கிழமைகளில் அவர் லிப்ட் பொத்தானை அமத்த மாட்டார், பக்கத்தில் பேசாமல் நிற்பார். அண்ணையின் மனைவி கோசலை அக்கா அமத்தி விடுவார். இப்படி இருபது வருடம்.

மதாம் சனிக்கிழமை விரதம் பிடிக்கிறார் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அக்காவும் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிப்பவர். ஒரு வருடம் எள்ளுருண்டை செய்து கொண்டுபோய்க் கொடுத்து, "உங்களுக்கும் ஏழரைச் சனியோ?" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். மதாமுக்கு விளங்கவில்லை. ஆனால் எள்ளுருண்டை பிடித்துவிட்டது. உண்மையில் அது யூதர்களின் ஓய்வுநாள், அன்று பொத்தான் அமத்துவதும் வேலையில் சேரும்; ஏழரை வருடத்தோடு விட்டுப் போகிற சனியில்லை.

* பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் அடுத்த பகுதியில்.

4

போன மாதம் மதாமின் கடிதப் பெட்டியில் யாரோ எதையோ கீறியிருந்தார்கள். யாரென்று தெரியாது. என்ன கீறியிருந்தது என்று எழுதினால் அதை இன்னொரு தடவை கீறியதாகிவிடும்.

மதாம் நகத்தால் சுரண்டித் தன் பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு வந்த கடிதமொன்று கண் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனது. மேலே முத்திரை: குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை. நாற்பத்தொரு வருடமாக அந்த முகவரியில் வசிக்கிறவர்.

அதோடு கட்டட நிர்வாகம் ஓர் அறிவித்தல் ஒட்டியது. பெயரில்லாத பெட்டிகளுக்குத் திங்கட்கிழமை காலை, பதிவேட்டில் உள்ள பெயரையே அச்சடித்து ஒட்டுவார்கள். ஏற்கெனவே ஏதாவது பெயர் இருந்தால் விட்டுவிடுவார்கள்.

மதாம் ஆறாம் மாடிக்கு ஏறி வந்தார். சனிக்கிழமையில்லை, பொத்தானைத் தானே அமத்தி வந்தார்.

"உங்கள் பெயரை என் பெட்டியில் ஒட்டலாமா?"

கோசலை அக்கா தேத்தண்ணி ஊற்றப் போனார். அண்ணை, "யோசிப்பம்" என்றார்.

5

இங்கே எனக்கு அண்ணைமேல் சந்தேகம் வந்தது. பதினொரு வருடம் மேடையில் யூதர்களின் பலத்தைப் புகழ்ந்தவர், ஒரு யூத மனுசி வீட்டுக்கே வந்து பெயர் கேட்டதும் யோசிக்கப் போய்விட்டார். அவரைக் கோழையாக்கிவிடலாம் என்று நினைத்து ஒரு பக்கம் எழுதினேன். நகைச்சுவை நன்றாகவே வந்தது.

பிறகு கிழித்தேன். 1983 யூலையில் அண்ணை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார். தமிழர் வீடுகளை எரிக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அண்ணை பின்மதிலால் குதித்துத் தப்பினார். கதவில் ஒரு பெயர் என்ன செய்யும் என்பதை அவருக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

(பாரிஸ், 1940: யூதர்கள் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டுமென்றார்கள். போய்ப் பதிந்தார்கள், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். 1942 யூலையில் பிரெஞ்சுப் பொலிசார் அந்த அட்டைகளோடு வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டு நாளில் பதின்மூவாயிரம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதிலும் யூலைதான். கதைக்காக நான் மாதத்தை மாற்றவில்லை.)

அன்று வீட்டில் நடந்த பேச்சை அக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"கடிதங்களை எங்கடை பெட்டிக்குப் போடச் சொல்லு. அது பறுவாயில்லை," என்றார் அண்ணை.

"எண்பது பெட்டியிலை ஒண்டு மட்டும்தான் வெறுமையா கிடக்கு. தேடி வாறவனுக்கு அடையாளத்துக்கு அதுவே காணும்," என்றார் அக்கா.

"நாளைக்கு எங்கடை கதவிலை கீறினா?"

"மரியரட்ணம் உப்பிடி யோசிச்சவரோ?"

மரியரட்ணத்தைப் பற்றி நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். அண்ணை பாரிசுக்கு வந்த புதிதில், இங்கே தங்கி வேலை செய்ய விடும் விசாக் கார்ட் அவருக்குக் கிடையாது. மரியரட்ணம் என்ற ஒருவர் தன் கார்டைக் கொடுத்தார். அந்தப் பெயரில்தான் அண்ணை ஓர் உணவகத்தில் மூன்று வருடம் கோப்பை கழுவினார். கார்டில் இருந்தது கத்தோலிக்கப் பெயர் என்பதால் நெற்றியில் திருநீறில்லை. ஞாயிறு பூசைக்குப் போனாயா என்று முதலாளி கேட்டால் "ஓம், போனனான்" என்பதைப் பிரெஞ்சில் சொல்லப் பழகியிருந்தார். பிடிபட்டிருந்தால் மரியரட்ணத்தின் கார்டும் போயிருக்கும். லாச்சப்பலில் ஒரு தலைமுறையே இப்படி இரவல் பெயரில்தான் சம்பளம் எடுத்தது. நாங்கள் இதை விழா மேடையில் சொல்வதில்லை.

"ஏன் தந்தவர் எண்டு கேட்டனீங்களோ அண்ணை?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லை. அவரும் சொல்லேல்லை."

6

முடிவு (அ): ஞாயிறு பின்னேரம் அண்ணை ஸ்ரீஸ்கந்தராசா என்ற பட்டையை நான்காம் மாடிப் பெட்டியில் ஒட்டுகிறார். பிரெஞ்சில் பதினான்கு எழுத்து, இரண்டு வரியாக மடித்து. மதாம் கண்கலங்குகிறார். இதை அண்ணைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நான் ஒட்டேல்லை. பொய் எழுதாதையும்."

முடிவு (ஆ): அண்ணை மறுக்கிறார். மதாம் வீட்டை விட்டு மகனிடம்—

"நான் மாட்டன் எண்டும் சொல்லேல்லை."

"அப்ப என்னத்தை எழுத?"

மறுமுனையில் தராசுத் தட்டுச் சத்தம் கேட்டது. யாருக்கோ வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நீர் தனி ஆள். உமக்குக் கடையுமில்லை, கதவுமில்லை. பதினொரு வருசம் அந்த வசனத்தை எழுதினதும் நீர்தான், நான் வாசிச்சது மட்டும். உம்மடை பேரை ஒட்டுமன்?"

"யோசிப்பம், அண்ணை," என்றேன்.

(1938இல் முப்பத்திரண்டு நாடுகள் பிரான்சின் எவியன் நகரில், ஏரிக்கரை விடுதியொன்றில் கூடின. ஜேர்மனியிலிருந்து வெளியேறத் துடித்த யூதர்களை யார் எடுப்பது என்பதுதான் பேச்சு. எல்லாரும் அனுதாபம் தெரிவித்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் யோசிப்பதாகச் சொல்லி எழும்பிப் போனார்கள். அதுவும் யூலை.)

7

இன்று சனிக்கிழமை. பேச்சிலிருந்து அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் வேறு வசனம் வைக்கவில்லை, அண்ணை அங்கே கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும்.

நிரோஜினி பெயர் எழுதாத வெறும் பட்டையொன்றை உறையில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். உறைக்குள் வேறு எதுவுமில்லை. அது என் மேசையில் கிடக்கிறது, ஏழு சென்ரிமீற்றர் நீளம். இரண்டு தடவை பேனையைத் திறந்து மூடினேன். நான் பயந்தவன் என்று இந்தக் கதையை எழுதும்வரை எனக்குத் தெரியாது.

தலைப்புக்குக் கீழே எழுத்தாளர் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை அங்கிருந்து எடுத்துவிட்டேன். நான்காம் மாடியில் ஒட்டிவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மாட்டேன், அப்படி நம்பி நிம்மதியாக இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். ஆனால் பட்டை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நிர்வாகத்து ஆள் பதிவேட்டோடு வருவார்.

________________

உங்கள் பெயர் இதற்குள் அடங்குமா?