காணும் பொங்கல் மேட்னி

...அவர் அழுதாரா, இல்லை சினிமாக் கொட்டகை மணல் கண்ணில் விழுந்ததா, நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனா... சந்திரகலா நடந்துகொண்டே யோசித்தாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் இன்னும் கொஞ்ச தூரம், ஏழு மாத வயிறு இடுப்பை இழுத்தது, புருஷன் பரசுராமன் பக்கத்தில் வந்தார். படத்தில் முதல் பாதியில் செத்துப்போனவள் இடைவேளைக்குப் பிறகு வேறொரு ஊரில் மறுபடி பிறந்து வந்தாள், பழைய புருஷனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள், கொட்டகையே விசும்பியது, இவர் மட்டும் திரையை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்... எதற்கு அப்படிப் பார்த்தார்?

"முத்தம்மா போயி வர்ற சித்திரை வந்தா மூணு வருசம்" என்றார் திடீரென்று. முத்தம்மாள் அவருடைய மூத்த தாரம். அறுபத்தெட்டாம் வருஷம், தலைப்பிரசவத்தில் போனவள், பிள்ளையும் தங்கவில்லை. அவள் பேர் வெட்டிய குடத்தில்தான் சந்திரகலா இரண்டு வருஷமாகத் தண்ணீர் எடுக்கிறாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, செத்தவளிடம் என்ன கோபம் என்று இருந்தாள்...

"பொண்ணுதான் பொறக்கும் கலா. எனக்குத் தெரியும்."

"எப்டிங்க தெரியும்?"

"தெரியும். அவ பேரையே வெச்சிடலாம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் பெறுவதை நானே முத்தம்மா முத்தம்மா என்று கூப்பிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், தலை சீவ வேண்டும், அவர் வாசலில் உட்கார்ந்து அதன் முகத்தில் யாரையோ தேடிக்கொண்டிருப்பார்... அவள் செத்த அந்த அறையில்தான் எனக்கும் பிரசவத்துக்குப் பாய் விரிப்பார்கள், எனக்கும் அப்படி ஏதாவது ஆனால்? நான் திரும்பி வருவேன் என்று இவர் யாருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்? பார்ப்பாரா?

கூடூர் பாசஞ்சர் கரிப்புகையோடு வந்து நின்றது. படி உயரம். பரசுராமன் முதலில் ஏறித் திரும்பி, கையை நீட்டினார். "மெதுவா ஏறு, பாத்து." நாலு பேர் எதிரில் அவர் அவளைத் தொட்டதே கிடையாது. உள்ளங்கை சூடாக இருந்தது, ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை, வெளியே ஆரம்பாக்கம் பக்கத்து அறுத்த வயல்கள் மங்கிக்கொண்டே வந்தன... யாருக்கு நீட்டிய கை இது, தெரிகிறதே, தெரிந்தும் ஏன் உருவிக்கொள்ள மனசு வரவில்லை...