அண்ணியின் வலது கண்

செவ்வாய்க்கிழமை கோவிலில் நவநாள் ஜெபம் முடிந்ததும் மைக் மாமா நன்றிக் கடிதங்களை வாசிக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும். மூன்றாவது சீட்டைப் பிரித்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"லூசியம்மாளின் வேண்டுதலால் என் அண்ணிக்கு வலது கண் பார்வை பூரணமாகக் கிடைத்தது. இறைவனுக்கு நன்றி."

கோவில் முழுக்கக் கைதட்டினார்கள். நான் முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அது நான் எழுதிய சீட்டு. அதில் நான் எழுதியிருந்தது மூன்றே சொற்கள்: அண்ணியின் வலது கண். மற்றதெல்லாம் மாமாவின் கைச்சரக்கு.

கண்ணுக்குப் பாதுகாவலியான புனித லூசியம்மாளின் சிலைக்கு, எங்கள் வழக்கில் சுரூபத்துக்கு, முன்னால் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. ஒன்று விண்ணப்பத்துக்கு, மற்றது நன்றிக்கு. நான் சீட்டைப் போடப் போன நேரம் வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டது. வந்தவர் என்னிடம் பேச்சுக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில், கைக்கு எட்டிய பெட்டியில் திணித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எந்தப் பெட்டி என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றிப் பெட்டியில் கிடந்த சீட்டு என்பதால் மாமா அதை நன்றியாகவே நிரப்பிவிட்டார்.

அண்ணி ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே கோடு போட்டு, கத்தி மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். நூலளவு விலகினால் நூறு சட்டையும் பாழ். போன வருடம் அவளுடைய வலது கண்ணில் புண் வந்து ஆறியபோது, கருவிழி மேல் பால் சிந்தினது மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஒருநாள் கத்தி விரலை உரசிக்கொண்டு போனது. முதலாளி அவளைப் பிசிறு நூல் நறுக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். ஆபரேஷன் நடந்துவிட்டால் ஆறும் வரை காத்திருப்பதாகவும், தேதியே தெரியாமல் இனிமேல் காத்திருக்க முடியாததால் இந்த மாதத்தோடு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

ஆபரேஷன் என்றால் இறந்துபோன ஒருவருடைய கருவிழியை எடுத்து இவளுக்கு வைப்பது. கண் வங்கியில் பெயர் கொடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதால் அவள் போனை அணைப்பதே இல்லை.

அண்ணி பிறந்து வளர்ந்தது வேறொரு கிறிஸ்தவ சபை. அங்கே சுரூபம் கிடையாது, புனிதர்களைக் கூப்பிடுவதும் கிடையாது. அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவாள். ஆனால் லூசியம்மாள் பக்கம் திரும்பவே மாட்டாள். அப்பா வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பக்கத்து வீட்டில் போய் எதற்குச் சிபாரிசு கேட்கிறீர்கள் என்று என்னைச் சீண்டுவாள். நாங்கள் லூசியம்மாளிடம் எதையும் தரச் சொல்வதில்லை, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் சொல்கிறோம், உங்கள் சிநேகிதியிடம் நீங்கள் ஜெபிக்கச் சொல்வதில்லையா, அதே மாதிரிதான் என்பேன். என் சிநேகிதி உயிரோடு இருக்கிறாள், செத்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பாள் அண்ணி. 

சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும், எங்கள் கோவிலில் கண் போன அண்ணி ஒருத்திதான். அன்று நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மைக் மாமா, மாடிவீட்டு அத்தை, பேக்கரி வண்டி ஓட்டுபவர், அவர் கையில் ஒரு பொட்டலம் ரொட்டி. அண்ணி இஸ்திரிப் பெட்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். அத்தை அவள் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எந்தக் கண்ணு?"

"வலதுன்னு நாந்தானே வாசிச்சேன்" என்றார் மாமா.

"இன்னும் வெள்ளையாத்தானே இருக்கு?"

"அது உள்ளுக்குள்ள தெளிஞ்சிருக்கும்" என்றார் பேக்கரிக்காரர்.

மாமா சாட்சிக்குச் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அண்ணி கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தாள். பின்வாசல் வழியாக வந்து அந்தக் கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ஏதோ பெட்டி மாறிவிட்டது, கண் அப்படியேதான் இருக்கிறது என்று சிரித்துச் சமாளித்து, எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள்.

"நாத்தனாரே, வெளிய வா."

வந்தேன்.

"எழுதறதுதான் எழுதினே, கண்ணு வேணும்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

"எழுத முடியல அண்ணி."

"ஏன், பேனா தீந்துபோச்சா?"

"கண்ணு வேணும்னா யாராவது சாகணும் அண்ணி. கடவுள்கிட்ட போய் அதை எப்படிக் கேக்கறது? அதான் அந்தம்மாகிட்ட வலது கண்ணுன்னு மட்டும் சொல்லிட்டேன். மீதியை எப்படிக் கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எட்டு மாசமா நானும் கேக்கல" என்றாள்.

"தினம் ஜெபத்துக்கு முழங்கால் போடறீங்களே."

"போடறேன். உங்க அண்ணனுக்காக, உனக்காக, முதலாளியோட மூட்டுவலிக்காகக்கூட. என் கண்ணுன்னு வரும்போது நாக்கு ஒட்டிக்குது. நேரா கேக்கணும்னு உனக்குச் சொன்னவ நான். என்னாலயே கேக்க முடியல." இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "நீ எனக்காகக் கேளு. யாரைக் கூட்டிட்டுப் போய்க் கேக்கறியோ அது உன் பாடு" என்றாள்.

மறுநாள் மைக் மாமா முகம் தொங்கிப்போய் வந்தார். அடுத்த செவ்வாய் மைக்கில் திருத்தம் வாசித்துவிடப் போவதாகச் சொன்னார். மாடிவீட்டு அத்தை விடவில்லை. கைதட்டியதைத் திரும்ப வாங்கினால் லூசியம்மாளுக்குத்தான் தலைகுனிவு என்றாள். கொஞ்சம் முன்னாலேயே தட்டிவிட்டோம், அவ்வளவுதான். தட்டினவர்கள் ஒருவர் விடாமல் தினமும் ஒரு ஜெபம் சொல்லட்டும் என்று அவளே தீர்ப்பும் கொடுத்தாள். அதற்கப்புறம் ரொட்டி வாங்கப் போனாலும் குழாயடியில் நின்றாலும் யாராவது ஒருவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் யாரோடும் பேசாத நான், எல்லோருக்கும் தலையாட்டி அலுத்துப்போனேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அண்ணி மறந்துவிட்டுப் போன கண் மருந்தைக் கொடுக்கத் தையல் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும்போது தரை கிடுகிடுக்கும். நூல் குப்பைக்கு நடுவில் போன் அதிர்ந்தது. அண்ணி எண்ணைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ எடு."

"நானா?"

"எடுடி."

ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன். கண் வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். கருவிழி வந்திருக்கிறது, இனிமேல் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், இரண்டு மணிக்குள் வந்து சேர முடியுமா என்று கேட்டாள்.

"முடியும்" என்றேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். பக்கத்து வரிசையில் மெஷின்கள் நின்றன. அதைப் பார்த்து அடுத்த வரிசை நின்றது. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து, "இங்க எதுக்கு நிக்கறீங்க, கிளம்புங்க" என்று எங்களை விரட்டாத குறையாக அனுப்பினார். மாடிவீட்டு அத்தைக்குப் போன் போட்டதும் பேக்கரி வண்டி பத்தே நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் மைக் மாமா. அவர் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வேலையிடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாகப் போனில் சொன்னான்.

பின்னால், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சூடு இன்னும் ஆறாத வாசனை. மாமா ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டித் தட்டி, லாரியையும் காரையும் ஒதுங்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி வளைகிறபோதெல்லாம் தட்டுகள் எங்கள் மேல் சரிந்தன. எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"இந்நேரம் ஒரு வீட்ல அழுதுட்டு இருப்பாங்க இல்ல?" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப எனக்குக் கேக்க ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, கண்களை மூடிக்கொண்டு, அவள் வழக்கப்படி நேராக, கடவுளிடம் அந்த வீட்டாருக்காகப் பேசினாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்காகவும். முடித்துவிட்டு என்னை முழங்கையால் இடித்தாள். "நீயும் சொல்லு. உன் ஆள்கிட்டயும் சொல்லு."

"லூசியம்மாளே" என்று தொடங்கினேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முன்சீட்டிலிருந்து மாமா முழங்கினார்.

"எங்களுக்காக இல்ல மாமா, அவங்களுக்காக" என்றாள் அண்ணி.

 பிறகு மாமா, இந்தத் தடவை மெதுவாக, "அவங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். ஓட்டுபவரும் சொன்னார், நானும் சொன்னேன். நாலாவதாக ஒரு குரல் கேட்டது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

ஒன்றரை மணிக்கு உள்ளே கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலை டாக்டர் கட்டை அவிழ்க்கும்போது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். நான் பார்த்தேன். சிவந்து வீங்கிய இமைக்குள் வெள்ளைப் படலம் இல்லை. கறுப்பாக, ஈரமாக, ஒரு முழுக் கண். டாக்டர் அவளுடைய இடது கண்ணை மூடிவிட்டு, தன் விரல்களைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு." கொஞ்சம் யோசித்து, "புகை மூட்டமாத்தான் இருக்கு. ஆனா மூணுதான்" என்றாள். அண்ணன் சுவரிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். இன்னும் தெளியச் சில மாதம் ஆகும், ஆனால் தெளியும் என்றார் டாக்டர். கத்தி மெஷின் ஓட்டலாமா என்று அவள் கேட்டாள். ஆறட்டும், ஓட்டலாம் என்றார்.

என்னைத் தவிர எல்லோரும் வெளியே போன பிறகு அண்ணி நர்ஸைக் கூப்பிட்டாள். கொடுத்தவர் பெயரைக் கேட்டாள். சொல்லக்கூடாது என்றாள் நர்ஸ். ஆணா, பெண்ணா, வயதாவது? அதுவும் இல்லை.

அண்ணி படுக்கையில் நேராக உட்கார்ந்தாள்.

"அப்ப எப்படிக் கூப்பிடறது? அக்காவா, அண்ணனா?"

"நீங்க சும்மா பேசுங்க அண்ணி. அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"கேக்குமா அவங்களுக்கு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் லூசியம்மாளிடம் பேசும்போது, கேட்குமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, பேசிவிடுவேன் என்றேன். அண்ணி இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள்.  அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் ஒரு கட்டிங் மாஸ்டருங்க" என்று ஆரம்பித்தாள்.