போட்ட கை வெட்டக் கூடாது

சுரங்கத்தை மூடிய பிறகு அந்தக் குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று குறைந்துபோனது. சிலருக்குச் சம்பளம், சிலருக்குத் தூக்கம். ஷிப்ட் மாறும் சங்கு ஊதாமல் எழுந்திருக்கத் தெரியாத வீடுகள் அங்கே நிறைய. ரசமட்டம் என்று ஊர் கூப்பிடும் மனிதருக்குக் குறைந்தது அதிர்வு. வாழ்நாளில் பாதியை மண் தள்ளும் டோசர் வண்டியின் இருக்கையில் கழித்தவர். நாற்காலி நடுங்காவிட்டால் உட்கார்ந்த மாதிரியே இருக்காது அவருக்கு. "கட்டிலுக்கு அடியில யாராவது ஒரு எஞ்சினை மாட்டி விடுங்கப்பா, மனுஷன் தூங்கட்டும்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ரசமட்டம் என்பது பட்டப்பெயர்தான். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்க்கும் கருவியை இந்த ஆள் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. நிலக்கரி ஏற்றும் டம்பர் லாரிகள் குழிக்குள் இறங்கி ஏறப் பாதை போடுவது அவர் வேலை. லாரி என்றால் சின்ன வீடு ஒன்றுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். மண் இளகினால் சக்கரம் புதையும், புதைந்தால் வண்டி சாயும், சாய்ந்தால் ஆள் மிஞ்ச மாட்டான். ஆகவே மண்ணை நிரவி, அதன்மேலேயே போய்ப் போய் வந்து, பாறை மாதிரி இறுக்கிவிட்டுத்தான் இறங்குவார். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, டம்பர் ஓட்டியவன். "மாமா போட்ட பாதைன்னா ஸ்டியரிங்கை விட்டுட்டுத் தலை வாரிக்கலாம்" என்பான்.

அந்தப் பாதைகளுக்கு ஆயுசு குறைச்சல். பாதைக்கு அடியிலேயே கரி கிடந்தால் பாதையை வெட்டித்தானே ஆக வேண்டும்? அதில் டோசர்காரர்களுக்குள் ஒரு முறை இருந்தது: போட்ட கை வெட்டக் கூடாது. போட்டவர் அன்றைக்கு வேறு பக்கம் போய்விடுவார். இன்னொருவர் வந்து வெட்டுவார். ரசமட்டம் போட்டதை எப்போதும் வெட்டியவர் தொப்பிக்காரர். மழையோ வெயிலோ, தூங்கும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாத மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்து, "வெட்டட்டுமா?" என்று கேட்பார். "என்னைக் கேட்டா அடியில கரியை வெச்சாங்க? வெட்டு" என்பார் இவர். பிறகு இரண்டு பேரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிப்பார்கள். சுரங்கம் மூடிய மாதத்திலேயே தொப்பிக்காரர் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். மற்ற டோசர்காரர்களும் பிழைப்பு தேடித் திசைக்கொருவராய்ப் பிரிந்தார்கள்.

குழியை நிரப்பும் வேலை நடந்தது. நிரப்பிய நிலம் யாருக்கு என்ற பேச்சும் கூடவே நடந்தது. சுரங்கத்துக்காக வயலைப் பறிகொடுத்தவர்கள் ஒரு பக்கம், சுரங்கம் மூடியதால் வேலையைப் பறிகொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. ரசமட்டத்தின் வீட்டுக்குள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டன. அவர் மனைவியின் அப்பா வயல் அந்தக் குழிக்குள் போனதுதான். "உங்கப்பன் நிலத்து மேல வண்டி ஓட்டுறவனுக்கே கழுத்தை நீட்டிட்டியேடி" என்று கல்யாணத்தன்றே சொந்தக்காரிகள் அவளைக் குத்திக்காட்டினார்கள்.

கடைசியில் இரு பக்கமும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் நிலம் சங்கத்துக்கு என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு பங்கு. இரண்டு உரிமை இருந்தாலும் பங்கு ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை. மழைக்காலம் முடிந்து அதிகாரிகள் பார்வையிட வரும்போது நிலத்தில் புல் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேலி போட்டுக் கிடங்கு கட்டும் கம்பெனிக்குப் போய்விடும். ரசமட்டத்தின் மனைவி அந்த நிலத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டை மனசுக்குள் குறித்தே வைத்திருந்தாள். "அங்க கிடைச்சா கத்திரி, வெண்டை எல்லாம் போடலாம். இந்த வீட்டுல சட்டியில வளர்த்தே என் காலம் போச்சு."

மேல்மண் பரப்ப டோசர் ஓட்டும் ஆள் வேண்டுமென்று ரசமட்டத்தைக் கூப்பிட்டார்கள். அன்று காலை அவர் சட்டை மாற்றிய வேகத்தைப் பார்த்து, "பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு அவசரம் இல்ல" என்றாள் மனைவி.

மண்ணைச் சோதிக்க வந்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். ஊரே அவரை மண்ணம்மா என்றுதான் சொன்னது. வேலை தொடங்கும் முன் அவர் தெளிவாகச் சொன்னார்: "தள்ளிட்டு அப்படியே பின்னாடி வந்துடுங்க. திரும்ப மேல ஏத்தாதீங்க. மேடும் பள்ளமுமா, பொலபொலன்னு கிடக்கட்டும். அப்பதான் தண்ணி உள்ள போகும், வேர் இறங்கும்."

"சரிங்கம்மா" என்றார் ரசமட்டம். சொன்னபடியே செய்யவும் செய்தார். ஆனால் கண் கேட்கவில்லை. கட்டியும் குழியுமாய்க் கிடந்த அந்த மண்ணைத் தினமும் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கடைசி நாள். டோசர் இனி இந்த மண்ணில் ஓடப்போவதில்லை என்று தெரிந்து பழைய ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். வெல்டர், பம்பு ஆபரேட்டர், மச்சினன், இன்னும் பலர். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெல்டர்தான் வாயைத் திறந்தார்.

"என்னய்யா ரசமட்டம், பன்னி மேஞ்ச மாதிரி இருக்கு?"

"வயசாச்சுல்ல, கை ஆடும்" என்றார் பம்பு ஆபரேட்டர்.

"அப்படித்தான் விடச் சொன்னாங்க" என்றார் இவர்.

"சொல்லுவாங்க. நீ போட்டதுன்னு நாளைக்கு எவன் நம்புவான்?"

அவ்வளவுதான். ரசமட்டம் மறுபடி ஏறினார். வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பாதி நிலத்தில், மண் தள்ளும் இரும்பு அலகை இறக்கினார். போனார், வந்தார், போனார், வந்தார். பழைய புழுதி, பழைய சத்தம், முதுகெலும்பில் பழைய நடுக்கம். சாயங்கால வெயிலில் நிலம் துடைத்துவைத்த தாம்பாளம்போல் பளபளத்தது. மச்சினன் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மாமா, முட்டையை வெச்சா உருளாது!" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புழுதி என்றார். மற்றப் பாதியையும் முடித்திருப்பார், அதற்குள் டீசல் தீர்ந்துவிட்டது.

மனைவி அங்கே இல்லை. பழைய கேன்டீனில் மற்றப் பெண்களோடு விதையை மணலில் கலந்துகொண்டிருந்தாள். மறுநாள் எல்லோரும் சேர்ந்து விதைத்தார்கள். மழையும் காலத்தோடு வந்தது.

வாய்க்கால் பக்கம் பச்சை தட்டியது. எதிர்ப்பக்கம் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது; வழிந்த இடத்தில் விதையையும் அடித்துக்கொண்டு போனது. வெயில் அடித்ததும் தரை ஓட்டுச்சில் மாதிரி வெடித்தது.

வயல்காரர்கள் சும்மா இருப்பார்களா? "சுரங்கத்துக்காரன் புத்தி எங்க போகும்? நிலத்தைக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு மேல மூடி போட்டுட்டான்" என்றார்கள். சங்கம் உடையும் நிலைக்கு வந்தது.

அவர் மனைவி வீட்டில் சத்தம் போடவில்லை. ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, "வாங்க" என்று அவரை நிலத்துக்கு அழைத்துப் போனாள். பச்சைப் பக்கம் குத்தினாள். முழங்கை அளவு இறங்கியது. எதிர்ப்பக்கம் குத்தினாள், கடப்பாரை டங்கென்று துள்ளியது.

"இத்தனை மழை பெஞ்ச மண்ணு இது. கடப்பாரையே இறங்கல. புல்லோட வேர் இறங்குமா?"

அவர் குனிந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அந்தம்மா ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னாங்களே. எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான்."

"அழகாத்தான் இருக்கு. ரோடு போட்டிருக்கீங்க. இதுல வர்றதுக்கு இனிமே எந்த லாரி இருக்கு, சொல்லுங்க?"

ரசமட்டம் அந்தத் தரையைப் பார்த்தார். உண்மைதான். கண்ணை மூடினால் அதன்மேல் டம்பர்கள் வரிசையாக, விளக்குப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தன. மச்சினன் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டு போனான். கண்ணைத் திறந்தால் மனைவி கடப்பாரையோடு நின்றாள்.

"டோசர் பின்னாடி மண்ணைக் கீறுற கொக்கி இருக்குல்ல? அதைப் போட்டுக் கிழிச்சா சரியாகும்னு மண்ணம்மா சொல்றாங்க. ஆனா இன்னைக்கே செய்யணும். டீசல் தீர்ந்து அங்கயே நிக்கிற வண்டியை ஏத்திட்டுப் போகப் பெரிய லாரி வந்து நிக்குது. மத்தியானம் வரைக்கும் கெஞ்சி நிறுத்தி, டீசலும் வாங்கி வெச்சிருக்கோம்."

"வேற யாராவது..."

"வேற யாரு இருக்கா?"

"போட்ட கை வெட்டக் கூடாதுடி" என்றார். அவள் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த முறையைப்பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மறுமுனையில் தொப்பிக்காரர், பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, "யாரு? ரசமட்டமா? உயிரோடதான் இருக்கியா?" என்று கத்தினார்.

இவர் நடந்ததைச் சொன்னார். பிறகு, "வெட்டட்டுமா?" என்றார்.

மறுமுனையில் பிள்ளைகளை அதட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் தொப்பிக்காரர் சொன்னார்: "என்னைக் கேட்டா போட்ட? வெட்டுய்யா." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. "நல்லாப் போட்டிருந்தியா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர். "முட்டை உருளாது" என்றார் இவர்.

கொக்கி இறங்கியபோது தரை முதலில் மறுத்தது. வண்டி முக்கியது, முன்பக்கம் லேசாகத் தூக்கியது. பிறகு படீரென்று பிளந்து, பாளம் பாளமாகப் புரண்டது. தன் கைவேலை எவ்வளவு உறுதி என்பது அன்றுதான் ரசமட்டத்துக்கே தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். பின்னாலேயே இரண்டு பக்கத்துப் பெண்களும் மிச்ச விதையைத் தூவிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிந்ததும் வண்டியை அவரே பெரிய லாரியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதித்தார்.

பார்வையிட வந்தவர்கள் கேன்டீன் கூடத்தில் முடிவைச் சொன்னார்கள். நிலம் சங்கத்துக்குத்தான். கூடம் அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் மண்ணம்மா எழுந்தார்.

"ஒண்ணு சொல்லணும். கிழிச்ச பக்கம் புல் ஏதோ பிடிச்சிருக்கு, ஆனா அடிமண் இன்னும் இறுக்கம். சில வருஷத்துக்கு அங்க காய்கறி வராது. மாடு மேய்க்கலாம், அவ்வளவுதான்."

உடனே கேள்வி வந்தது: அந்தப் பக்கம் யாருக்கு? சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். கெடுத்தவன் ஒருத்தன், குலுக்கலில் மாட்டுறவன் இன்னொருத்தனா என்றார் வயல்காரர் ஒருவர். ரசமட்டம் எழுந்திருக்கப் பார்த்தார்; முடியவில்லை. அவர் பங்கு அவருடையது மட்டுமா? வாய்க்கால் ஓரத்துக் கத்திரியும் வெண்டையும் காலைக் கட்டின. அவர் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"எங்க வீட்டுப் பங்கை அந்தப் பக்கமே போடுங்க. குலுக்க வேண்டாம். இறுக்கினவர் கையாலேயே இளக்கட்டும். நான் நின்னு குறை சொல்லிக்கிட்டிருக்கேன்."

கூடத்தில் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் வெல்டர் எழுந்தார். "பன்னி மேஞ்ச மாதிரின்னு வாயை விட்டவன் நான். எனக்கும் அங்கயே." பம்பு ஆபரேட்டர் கையை மட்டும் தூக்கினார். மச்சினன், "அக்கா, நானும் கை தட்டினேன்" என்றான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன்போல.

"உன்னை யாருடா விட்டா? நீ மாட்டுச் சாணி அள்ளு" என்றாள் அவள்.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் ஓரத்தில் அவள் நின்றாள். மனசில் குறித்து வைத்திருந்த துண்டு அங்கே செழிப்பாகக் கிடந்தது. அது யாருக்கு வரும் என்று இன்னும் தெரியவில்லை. ரசமட்டமும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு அவளே நடக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு மாடு ஓட்டத் தெரியுமா?"

"அதுல ரிவர்ஸ் எங்க இருக்கும்?"

"அதெல்லாம் அதுக்கே தெரியும். நீங்க பின்னாடி மட்டும் வாங்க."

அவர் பின்னாடி போனார்.